அளவு பார்த்தாச்சு, அடுத்து என்ன?

(வீட்டில் பயன்படுத்தும் சிறு மருத்துவக் கருவிகள் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு உங்களில் நிறைய பேர் வீட்டு அலமாரியில் ஒரு பிபி மெஷின் இருக்கும். பக்கத்தில் சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர். கொரோனா சமயத்தில் அவசரமாக வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர், பேட்டரி தீர்ந்துபோய் ஏதோ ஒரு டப்பாவில் கிடக்கும். வீட்டில் சின்னக் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் நெபுலைசரும் இருக்கும். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டுமே பார்க்க முடிந்த பொருட்கள் இவை. இப்போது கைப்பைக்குள் அடங்கிவிட்டன.

அரசும் இதே கருவிகளை நம்பித்தான் ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வந்து, திண்ணையில் உட்கார வைத்து, பிபியும் சுகரும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பையில் அடங்குகிற கருவி இல்லையென்றால் இந்தத் திட்டமே இல்லை.

ஆனால் அந்தத் தன்னார்வலர் பார்க்கிற அளவுக்கும் நாம் வீட்டில் பார்க்கிற அளவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அவர் பார்த்ததைப் பதிவு செய்கிறார். அதை வைத்து அடுத்து என்ன செய்யணும் என்று முடிவெடுக்க ஒரு செவிலியர், ஒரு மருத்துவர் இருக்கிறார்கள். நம் வீட்டிலோ அளவு பார்க்கிறோம், "பரவாயில்லை" என்கிறோம், இல்லையென்றால் பயந்துபோகிறோம். அதோடு சரி. மெஷினை மூடி வைத்துவிடுகிறோம். அளவு பார்த்த பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் பிபி மெஷின். அதிகம் விற்பது இதுதான், அதிகம் தப்பாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். கையில் சுற்றுகிற அந்தப் பட்டை காற்றால் இறுகி, ரத்தக் குழாயை அமுக்கி, பிறகு மெதுவாகத் தளர்கிறது. தளரும்போது குழாயில் எழுகிற துடிப்பின் அதிர்வை மெஷின் உணர்ந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு இரண்டு எண்களைச் சொல்கிறது. அதிர்வை வைத்துச் செய்கிற கணக்கு என்பதால் நீங்க கையை அசைத்தாலும் பேசினாலும் கணக்கு தப்பும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா மார்க்கெட்டிலிருந்து மாடிப்படி ஏறி வருகிறார். வந்ததும் வராததுமாக மகன் கையில் பட்டையைச் சுற்றுகிறான். அம்மா பக்கத்து வீட்டுக் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறார். 160 என்று காட்டுகிறது. வீடே பதறுகிறது.

சரியாகப் பார்ப்பது கஷ்டமில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாங்க. முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்க. கால்மேல் கால் போடாமல், இரண்டு பாதமும் தரையில் படணும். கையை மேசைமேல் வைங்க, பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கணும். சட்டைக் கையின்மேல் சுற்றாதீங்க. வாயைத் திறக்கக் கூடாது, பார்க்கிறவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பாருங்க. இரண்டையும் எழுதி வையுங்க.

பட்டையின் அளவும் முக்கியம். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். இல்லாத பிபிக்கு மாத்திரை சாப்பிட வேண்டியதாகிவிடும். எத்தனை சென்டிமீட்டர் சுற்றளவுக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். கடையில் வாங்கும்போதே கையில் சுற்றிப் பார்த்துவிடுங்க. மணிக்கட்டில் கட்டுகிற வகையைவிட மேற்கையில் கட்டுகிற வகையே நல்லது. மணிக்கட்டு நெஞ்சு உயரத்தில் நிற்காவிட்டால் அந்த அளவை நம்ப முடியாது.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருத்துவர்கள் கேட்பது ஒரு வார அளவு: காலையில் மாத்திரைக்கு முன்பு இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாள் பதற்றத்தில் கூடுதலாக வரும் என்பதால் அதை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பார்ப்பார்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்குமேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும். ஆஸ்பத்திரியில் எடுத்தால் அந்த எல்லை 140/90. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சிலருக்கு ஏறிவிடும், அதனால்தான் இந்த வித்தியாசம்.

இதில் ஒரு ஆபத்து இருக்கு. அதற்காகவே இந்த உரையை ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஒருவருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். வீட்டு மெஷினில் 124/78 என்று வந்தது. "நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். அந்த 124 மாத்திரை கொடுத்த 124. மாத்திரையை நிறுத்தினால் கொஞ்ச நாளில் பிபி பழைய இடத்துக்கே ஏறும். ஏறுவது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பக்கவாதம் வந்த பிறகு தெரியும். நல்ல அளவு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்க, மாத்திரையைக் குறைப்பதா என்று அவர் சொல்லட்டும்.

அதேபோல 180/120க்கு மேல் காட்டினால் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளாதீங்க. ஐந்து நிமிஷம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்க. அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கணும். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் எது இருந்தாலும் மறுபடி அளவு பார்க்க நிற்காதீங்க, நேராக 108.

அடுத்து குளுக்கோமீட்டர். மெஷின் விலை குறைவு, சிலர் இலவசமாகவே கொடுப்பார்கள். காசு போவது ஸ்ட்ரிப்புக்கு. அதனால் வாங்கும் முன்பு ஸ்ட்ரிப் ஒன்று எவ்வளவு, உங்கள் ஊர் மருந்துக் கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேளுங்க. ஸ்ட்ரிப் கிடைக்காத மெஷின் வெறும் பிளாஸ்டிக்.

"வீட்டு மெஷினில் 180, லேபில் 165. எது பொய்?" என்று கேட்பவர்கள் அதிகம். இரண்டுமே பொய் இல்லை. இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறது. லேபில் 200 என்றால் வீட்டில் 170 முதல் 230 வரை எது வந்தாலும் அந்த மெஷின் சரியான மெஷின்தான். ஆகவே நேற்று 142, இன்று 151 என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறதா, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் எகிறுகிறதா, விடிகாலையில் இறங்குகிறதா என்கிற போக்கைத்தான் பார்க்கணும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்க. மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே மெஷின் சொல்லும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடணும். நம்ம ஊர்க் காற்றின் ஈரமும் வெயிலும் அதற்கு ஆகாது. அடுப்பு மேடையிலும் வெயிலில் நிற்கிற காரிலும் வைக்காதீங்க. ஊசியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் அப்படியே போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளர் கையில். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, தனியாகச் சொல்லிக் கொடுங்க.

சர்க்கரை கூடுவதற்கு நாம் பயப்படுகிறோம், குறைவதற்குப் பயப்படுவதில்லை. உடனடி ஆபத்து குறைவதில்தான். இன்சுலின் போடுகிறவரோ சில வகை மாத்திரை சாப்பிடுகிறவரோ வேர்த்துப்போய், கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே பாருங்க. 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்க. மெஷின் கையில் இல்லையா? பார்க்காமலே கொடுங்க. ஆனால் நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்கணும்.

பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு வருவோம். ஜப்பான்காரர் தகுவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்த முறை இது. விரலின் ஒரு பக்கம் இரண்டு வகை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் அதில் எவ்வளவை உறிஞ்சுகிறது என்று மறுபக்கம் பார்க்கிறார்கள். ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் வெவ்வேறு விதமாக உறிஞ்சும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. உலகமே இந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020ல், ஏப்ரல் மாதம், அவர் காலமானார்.

ஒளி தோல் வழியாகப் போகணும் என்பதால் நகப்பூச்சு, மருதாணி, சில்லிட்ட விரல், நடுக்கம் எல்லாமே அளவைக் கெடுக்கும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் அசையாமல் வைத்து, எண் நிலைத்து நின்ற பிறகு படிங்க. நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இதைக் கணக்கோடு சொன்னது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்தபோது, கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்கு உண்மையில் 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே 95 என்று காட்டுகிறதே என்று, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவரை வீட்டிலேயே வைத்திருக்காதீங்க. உதடு நீலம் பூக்கிறது, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றால் எண் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான். எண்ணே தொடர்ந்து 94க்குக் கீழே இருந்தால் மருத்துவரை அழைக்கணும், 90ஐத் தொட்டால் 108. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு எல்லை வேறு. அதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டு மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்க.

இந்தக் கருவிக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்று கார்பன் மோனாக்சைடு. கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் மூடிய அறைக்குள் அடுப்புக்கரி மூட்டிவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்த விஷவாயு ஒட்டிய ரத்தத்தை ஆக்சிஜன் ஒட்டிய ரத்தமாகவே ஆக்சிமீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆள் மயங்கிக் கிடப்பார், கருவி 98 காட்டும்.

நெபுலைசர் பற்றிச் சுருக்கமாக. மருத்துவர் எழுதிய மருந்தை மட்டும் போடுங்க. ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தையும் முகமூடியையும் கழுவி, காற்றில் உலர விடுங்க. ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த தடவை மருந்தோடு கிருமியும் உள்ளே போகும். ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்தில் ஊதுபத்தி, விளக்கு, பீடி எதையும் அண்ட விடாதீங்க. மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாகத் திருகைக் கூட்டாதீங்க. சில நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வைங்க. ஒரு சிலிண்டரோ இன்வெர்ட்டரோ கையிருப்பில் இருக்கணும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. தெர்மாமீட்டரில் சொல்ல அதிகமில்லை. பாதரசத்தை விட்டுவிட்டு டிஜிட்டலுக்கு மாறுங்க, அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் கையில் இருக்கிற கைப்பேசி. கேமராமேல் விரலை வைத்தால் பிபி சொல்கிறேன், ஆக்சிஜன் சொல்கிறேன் என்று செயலிகள் வருகின்றன. அவற்றை நம்பி மருந்து விஷயத்தில் எதையும் முடிவு செய்யாதீங்க. கொரோனா காலத்தில் இப்படிப்பட்ட போலி ஆக்சிமீட்டர் செயலிகள் கைரேகை, தொடர்பு எண்கள் போன்ற தகவலைத் திருடக்கூடும் என்று எச்சரிக்கையே வந்தது. அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930ல் சொல்லுங்க. குத்தாமல் சுகர் பார்க்கிற வாட்ச், மோதிரம் என்ற விளம்பரங்களும் ஓடுகின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில், தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கிற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அறிவித்தது. அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஈசிஜி எடுக்கிற நல்ல வாட்சுகள் இருக்கின்றன, இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதை அவை கண்டுபிடித்துச் சொல்லலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அவற்றால் முடியாது.

மாரடைப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாகணும். நடு நெஞ்சில் அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. அந்த நேரத்தில் எந்த மெஷினையும் தேடாதீங்க. "பிபி பார்த்தோம், நல்லாத்தான் இருந்தது, கேஸ்னு நினைச்சோம்" என்று சொல்லிக்கொண்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிற குடும்பங்கள் உண்டு. மாரடைப்பில் பிபி நன்றாகவே இருக்கலாம், ஆக்சிஜன் 99 காட்டலாம். 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு முதல் வேளை மருந்தாக 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, இரவில் யார் இருப்பார்கள் என்று இன்றைக்கே தெரிந்து வையுங்க.

கைப்பேசிக்கு ஒரு நல்ல வேலை இருக்கு. அளக்க வேண்டாம், நோட்டுப் புத்தகமாக இருக்கட்டும். மெஷின் திரையைப் படமெடுங்க, தேதியும் நேரமும் தானாகப் பதியும். அப்பாவுக்கு ஒரு ஆல்பம், அம்மாவுக்கு ஒரு ஆல்பம். கலந்துவிடாமல் பார்த்துக்கணும், ஒரே மெஷினை நான்கு பேர் பயன்படுத்துகிற வீட்டில் இதுதான் பெரிய குழப்பம். மருத்துவரிடம் போகும்போது அதைக் காட்டினால் "வீட்டில் எவ்வளவு இருந்தது?" என்ற கேள்விக்கு "நார்மல்தான் சார்" என்று மழுப்ப வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வாரம் ஒரு தடவை அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்க. உடனே போக முடியாத சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது, இ-சஞ்சீவனி வழியாக மருத்துவரிடமே வீடியோவில் பேசலாம். பேசும்போது இந்த அளவுகள் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பிபி மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய ஐந்துக்கும் வியாபார லாபத்துக்கு 70 சதவீதம் என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா பாருங்க. பில் கேட்டு வாங்குங்க. விலையை அடித்துத் திருத்தியிருந்தாலோ கூடுதலாகக் கேட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிபி மெஷின் என்றால், முறைப்படி சோதித்துத் தேறிய மாடல்களின் பட்டியல் 'ஸ்ட்ரைட் பிபி' இணையதளத்தில் இருக்கிறது. கடையில் நின்றுகொண்டே மாடல் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற மெஷின் சரியா என்று சந்தேகமா? அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்க. செவிலியரிடம் சொல்லி, அவர்கள் கருவியில் ஒரு தடவை, ஒரு நிமிஷம் விட்டு உங்கள் கருவியில் ஒரு தடவை, அதே கையில் பாருங்க. இப்படி இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தும் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பட்டையையும் பேட்டரியையும் முதலில் மாற்றிப் பார்க்கணும். அப்படியும் சேரவில்லையென்றால் மெஷினைச் சர்வீசுக்குக் கொடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஒப்பிட்ட தேதியை மெஷின் அடிப்பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் தெரியும்.